தொட்டிக்குக் கீழே ஒரு கொட்டாங்குச்சி

சித்திரை மாசத்துல தொட்டிச் செடிக்குத் தண்ணி ஊத்தறது பெரிய வேலை இல்லீங்க. ஊத்தின தண்ணி அடியில இருக்கற ஓட்டை வழியா வெளிய வருதான்னு குனிஞ்சு பாக்கறதுதான் வேலை. தண்ணி நின்னுச்சுன்னா வேர் அழுகிடும். ஆம்பூர்ல பாதிப் பேரு வீட்டுல குண்டுமல்லி சாவறது வெயில்ல இல்ல, இந்த ஓட்டை அடைச்சுக்கிட்டுத்தான். நான் இருபத்தாறு வருஷமா குனிஞ்சு பாத்துக்கிட்டிருக்கேன், இன்ஸ்பெக்டர் ஐயா. முதுகே வளைஞ்சு போச்சு.

என் பேரு கன்னியப்பன். முனீர் அகமது சாயபு பங்களாவுல தோட்ட வேலை. செத்துப்போன சௌந்தரம் என் பொண்ணு. ஒரே பொண்ணு. அவ வயித்துல பாஷாணம் இருந்துச்சுன்னு மதராசுலேர்ந்து உங்களுக்குக் கடுதாசி வந்திருக்குது. அவளக் கட்டிக்க இருந்தவன் சம்பத்து, என் அக்கா மகன். அவன நீங்க லாக்கப்புல வெச்சிருக்கீங்க. என் கையாலதான் அவ செத்தா, நான்தான் அவளக் கொன்னேன்னு அவன் அழுது அழுது சொல்றானாம். ஊரே அவனுக்காக உச்சுக் கொட்டுது. அது பொய்ங்க. அவன் ஒண்ணும் பண்ணல. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். போகத்தான்னா, உள்ள போகத்தான்.

முதல்லேர்ந்து வரிசையா சொல்றேன், ரைட்டர் ஐயா எழுதிக்கட்டும். ஆனா ஒரு வேண்டுதல். அவரு வெத்திலைய ஜன்னல் வழியா துப்பறத கொஞ்ச நேரம் நிறுத்தினா நல்லா இருக்கும். ஜன்னலுக்குக் கீழ ஒரு நந்தியாவட்டை இருக்குது, உள்ள வரும்போதே பாத்தேன். எலையெல்லாம் செவப்பா வழிஞ்சு கெடக்குது. அதப் பாத்துக்கிட்டே என்னால பேச முடியாது.

பங்களாவுல அறுபத்து நாலு தொட்டி என் பொறுப்பு. தொட்டின்னா எல்லாம் கடையில வாங்கினது இல்ல. வாய் உடைஞ்ச தண்ணிச் சால், சீமெண்ணெய் டின், மீனெண்ணெய் வந்த பீப்பாய ரெண்டா அறுத்தது, பிரியாணி ஆக்கற தேக்சா ஓட்டையானது, எது கெடைச்சாலும் அடியில ஓட்டை போட்டு நான் செடி வெச்சுடுவேன். ஓட்டை மேல ஒரு ஓட்டுச் சில்லு கவுத்து வெக்கணும், அதுக்கு மேல செங்கல் ஜல்லி நாலு விரல், அப்புறம் ஏரி வண்டலும் ஆத்து மணலும் மக்கின சாணியும் கலந்து போடணும். மேல ரெண்டு விரல் காலியா விடணும். தொட்டிய தரையில வெக்கக் கூடாது, ரெண்டு செங்கல் மேல தூக்கி வெக்கணும். பேகம் பில்கிஸ் பீபி வெளிய போறவங்க இல்ல. அவங்களுக்கு உலகம்னா அந்த வீட்டு உள் முத்தமும் அந்தத் தொட்டிங்களும்தான். பங்குனி கடைசியில செம்பருத்தி, சித்திரையில குண்டுமல்லி, அப்புறம் இட்லிப்பூ, செவப்பரளி, காகிதப்பூ. ஒண்ணு ஓயும்போது இன்னொண்ணு தொறக்கணும். அந்தக் கணக்கு என் மண்டையிலதான் இருக்குது. வேற யாருக்கும் தெரியாது. இப்போ யாரு ஊத்தறாங்களோ, தெரியல.

பங்களா மதிலுக்கு அந்தப் பக்கம் சாயபோட தோல் ஷாப்பு. ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் பதம் பண்றாங்களே, அது. அந்தக் குழித் தண்ணியெல்லாம் பூமியில எறங்கி எங்க கெணத்துத் தண்ணியும் வருஷத்துக்கு வருஷம் உப்பு ஏறிப் போச்சு. பாலாத்துல ஊத்துத் தோண்டி எடுக்கற நல்ல தண்ணி வாரத்துக்கு ரெண்டு வண்டி வரும். அது பங்களா சமையலுக்கு. மீதி இருந்தா செடிக்கு.

சம்பத்து அந்த ஷாப்புல மேஸ்திரி. இருபத்தஞ்சு வயசுல மேஸ்திரி ஆயிட்டான், எதனாலன்னு கேக்கறீங்களா? நாக்கால. தோல சுண்ணாம்புக் குழியில போட்டு மயிர் எடுப்பாங்க, அப்புறம் ஆவாரம்பட்டை ஊறின தண்ணியில போடுவாங்க. அந்தத் தண்ணி ஜாஸ்தியா ஊறிடுச்சா, கம்மியா இருக்குதா, தோல எப்போ தூக்கணும், இதுக்கெல்லாம் ஒரு கருவியும் கெடையாது. மேஸ்திரி விரல முக்கி நாக்குல வெச்சுப் பாத்துச் சொல்லணும். வெச்சுப் பாப்பான், மேலண்ணத்துல ஒட்டி ஒரு சத்தம் எடுப்பான், துப்பிடுவான். சம்பத்து நாக்கு தப்பினதே இல்லேன்னு சொல்லுவாங்க. ராணிப்பேட்டையிலேர்ந்து கூட வண்டி அனுப்பி அவனக் கூட்டிக்கிட்டுப் போயிருக்காங்க.

அந்த நாக்க நான் கிட்டத்துல பாத்திருக்கேன். பட்டைக் கறை ஏறி, கருஞ்செவப்பா, நடுவுல வெடிச்சு இருக்கும். செத்த மாட்டுத் தோல் ஊறின தண்ணி அதுல. சுண்ணாம்புல வெந்த மயிர் மெதக்கற தண்ணி அதுல. ஆட்டுத் தோலு மெத்துன்னு வரணும்னு புறா எச்சத்த கரைச்சு ஒரு தொட்டி வெச்சிருப்பாங்க. அத நெனைச்சாலே எனக்குச் சோறு எறங்காது. சீ, அந்த வாயால என் எதிர்ல நின்னு "மாமா"ன்னு கூப்புடுவான். நான் காத திருப்பிக்குவேன்.

என்னச் சுத்தம் பாக்கறவன்னு சொல்லுவாங்க. இருக்கலாம். நானும் கையால எரு கலக்கறவன்தான். ஷாப்புலேர்ந்து சொரண்டிப் போட்ட சவ்வும் மயிரும் கூடையில வரும், அத ஆட்டு ரத்தத்தோட சேத்து ஊற வெச்சு ரோஜாவுக்குப் போடுவேன். முழங்கை வரைக்கும் விட்டுக் கலக்குவேன். அது எரு. எரு நாறாதுங்க, அதுக்கு ஒரு வாசனை இருக்குது. பழகினவனுக்குத் தெரியும். அதையும் இதையும் ஒண்ணா வெச்சுப் பேசக் கூடாது.

பங்குனியில என் அக்கா தட்டு எடுத்துக்கிட்டு வந்தா. வெத்தில, பாக்கு, ரெண்டு மொழம் கனகாம்பரம், ஒரு சீப்பு பழம். கூட நாலு சொந்தக்காரங்க. அக்கா மகனுக்குத் தம்பி மக உரிமைப் பொண்ணு. அவளுக்குத் தொட்டிலு கட்டின நாள்லேர்ந்து அது பேசினதுதான். நான் இல்லேன்னு சொல்ல ஒரு காரணம் வேணும். குடிக்கிறானா, இல்ல. சூதாடறானா, இல்ல. மேஸ்திரி வேலை, சொந்த வீடு, அம்மாவ வெச்சுக் காப்பாத்தறான். நாலு பேரு முன்னாடி, அவன் நாக்கு எனக்குப் பிடிக்கலேன்னு நான் எப்படிச் சொல்றது? சிரிச்சுட்டுப் போவாங்க. பொண்டாட்டி இருந்திருந்தா அவகிட்டயாவது சொல்லியிருப்பேன். அவ போயி எட்டு வருஷம் ஆச்சு.

சௌந்தரத்த தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். பேகத்துக்கு மாலை தொடுத்துக்கிட்டிருந்தா. தலையத் தூக்கவே இல்ல.

"நைனா, உனக்கு மட்டும் மூக்கு இல்லாம இருந்தா நீ ரொம்ப நல்ல மனுஷன்"னா.

"வெளையாடாதே. அவன் எதையெல்லாம் வாயில வெக்கிறான்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். வெச்சுப் பாத்துட்டு உள்ளதச் சொல்றாரு. பொய் சொல்லாத நாக்கு. நீ வேணா வேற நல்ல நாக்காப் பாத்துக் காட்டு, பேசலாம்."

சிரிச்சா. அவ அம்மா சிரிப்பு. அந்தச் சிரிப்ப ஒரு நாளு அவன் நாக்கு தொடும்னு எனக்கு அப்போதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. நான் எழுந்து வெளிய போயி வாந்தி எடுத்தேன். வெயில்னு சொல்லிட்டேன். அந்த நிமிஷமே இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். என் பொண்ணு சுத்தமா இருக்கணும். அவ்ளோதான் நான் வேணும்னு நெனைச்சது. ஒரு தகப்பன் நெனைக்கக் கூடாததா?

எப்படி நடக்காமப் பண்றதுங்கறதுக்கு எனக்கு அப்போ வழி தெரியாது. அத அவனாத்தான் கொண்டாந்து கொடுத்தான்.

சித்திரை பொறந்த வாரம். குண்டுமல்லி மொட்டு வெக்கற நேரத்துல எல ஓரமெல்லாம் கருகிப் போச்சு. "கன்னியப்பா, மோத்தியா இன்னா இப்படிக் காஞ்சி கெடக்குது"ன்னு பேகம் திரைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து கேட்டுட்டாங்க. குண்டுமல்லிக்கு அவங்க பாஷையில மோத்தியா. இருபத்தாறு வருஷத்துல அப்படி ஒரு வார்த்த நான் வாங்கினதில்ல. நிழலுக்கு மாத்திப் பாத்தேன், எரு மாத்திப் பாத்தேன். ஒண்ணும் கேக்கல. அன்னைக்கு சம்பத்து எதையோ கொடுக்கற சாக்குல வந்தான், வீட்டுல இருக்கறவளப் பாக்கத்தான் வந்தான்னு எனக்குத் தெரியாதா. வந்தவன் செடியப் பாத்தான். தொட்டிக்கு அடியில கைய விட்டு, ஓட்டையிலேர்ந்து சொட்டற தண்ணிய விரல்ல தொட்டு நாக்குல வெச்சான். மேலண்ணத்துல ஒட்டி அந்தச் சத்தம்.

"மாமா, மண்ணுல உப்பு தங்கிடுச்சு. மேல ஊத்தறதப் பாக்காத, கீழ வர்றதப் பாரு. ரெண்டு நாளைக்கு ஆத்துத் தண்ணிய நெறைய ஊத்திக் கழுவிடு. சரியாப் போயிடும்."

சொல்லிட்டு செங்கல் ஓரத்துல துப்பினான்.

ரெண்டு நாளு ஆத்துத் தண்ணி ஊத்தினேன். மூணாம் நாளு துளிர் விட்டுச்சு, ஏழாம் நாளு மொட்டு. அவன் சொன்னது சரிங்க. அதுதான் என்னால தாங்க முடியல. பேகம் அவனுக்கு ஒரு தட்டு மக்கன் பேடா அனுப்பினாங்க, ஆற்காட்டுலேர்ந்து வந்த இனிப்பு. எனக்கு ஒரு நாளும் அனுப்பினதில்ல. சௌந்தரம்தான் எடுத்துக்கிட்டுப் போயி கொடுத்துட்டு வந்தா, மூஞ்சியெல்லாம் பூரிப்பு.

அடுத்த தடவ வந்தப்போ அவனே மத்தத் தொட்டிங்களயும் பாக்கறேன்னு குனிஞ்சு, விரல முக்கி நாக்குல வெச்சான். நான் சொன்னேன், "பாக்கறதுன்னா பாரு. ஆனா இங்க துப்பாத. கோயிலுக்குப் போற பூவும் இதுல இருக்குது." வாயில ஊறின உப்புத் தண்ணியோட என்னப் பாத்தான். சுத்தி முத்தி எடம் தேடினான். அப்புறம் முழுங்கிட்டான். "சரி மாமா, இனிமே துப்பமாட்டேன்"னு சிரிச்சான். மாமனாருக்குக் கொடுக்கற மரியாதை.

அன்னைக்கு அவன் முழுங்கினது வெறும் உப்புத் தண்ணிதான். என் பொண்டாட்டி மேல சத்தியம். ஆனா அவன் தொண்டை ஏறி எறங்கினத நான் பாத்தேன். ஷாப்புல துப்பறவன், இங்க முழுங்கறான். துப்பறவனுக்கு ஒண்ணும் ஆகாது, முழுங்கறவனுக்கு ஆகும். இவ்ளோதான் எனக்குத் தோணுச்சு.

அக்காகிட்ட நானே போயி சம்மதம்னு சொன்னேன். வைகாசி கடைசியில முகூர்த்தம். அதுக்குள்ள பேகம் வீட்டுல விருந்தாளிங்க வர்றாங்க, மல்லி நல்லா பூக்கணும், அதனால சம்பத்து தெனம் காலையில வேலைக்குப் போற வழியில வந்து தொட்டித் தண்ணியப் பாத்துட்டுப் போகட்டும்னேன். அக்கா என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதா. இத்தன நாளா நீ மொகம் கொடுத்துப் பேசலியேன்னு புள்ள எப்படி வாடிப் போயிருந்தான் தெரியுமான்னா. எனக்குக் கூட கொஞ்சம் சங்கடமா இருந்துச்சு.

அப்புறம் தெனம் வந்தான். தலைக்கு எண்ணெய் வெச்சு வாரி, வெளுத்த வேட்டி கட்டிக்கிட்டு, விடிஞ்சதும் வந்து நிப்பான். ஷாப்புக்குப் போறவன் எவனாவது வெளுத்த வேட்டி கட்டுவானா? பங்களாவுக்கு வர்றதுக்குன்னு கட்டிக்கிட்டு வந்து, ஷாப்புல மாத்திக்குவான். வாசல்லயே செருப்ப விட்டுட்டு, கால் கழுவிட்டு உள்ள வருவான். இதெல்லாம் எனக்காகப் பண்றான்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் அவன் வாயத் தொறந்தா அந்த நாக்குதான தெரியுது.

விரல் நுனியில தொட்டா இன்னா தெரியும், ஒரு மடக்கு எடுத்துப் பாருன்னு சொன்னேன். பெரிய மல்லித் தொட்டி, அந்த மீனெண்ணெய்ப் பீப்பாய் தொட்டி இருக்குதே, அதுக்குக் கீழ ஒரு கொட்டாங்குச்சி வெச்சேன். சாயந்திரம் நான் தண்ணி ஊத்தினா விடியறதுக்குள்ள சொட்டிச் சொட்டி நெறைஞ்சிருக்கும். பாஷாணம் கெடைக்கறது கஷ்டமே இல்லீங்க. தோலுல புழு வுழாம இருக்க ஷாப்பு கெடங்குல வெச்சிருக்காங்க. பீப்பாய கரையான் அரிக்குதுன்னு குமாஸ்தா மக்பூல் அகமதுகிட்ட கேட்டேன். ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்துட்டு, "கைய நல்லா கழுவிக்க கன்னியப்பா"ன்னு சொன்னாரு. நல்ல மனுஷன். அவர இதுல இழுக்காதீங்க, கரையான் நெசமாவே இருந்துச்சு.

நான் அத மண்ணுல போடல. அத நீங்க கண்டிப்பா எழுதிக்கணும். மண்ணுல போட்டா வேருக்கு ஆபத்து. கொட்டாங்குச்சியில மட்டும்தான் வெச்சேன், சாயந்திரம் சாயந்திரம் கொஞ்சூண்டு. சொட்டற தண்ணி அதுல வுழும், அதுலேர்ந்து செடிக்கு ஒண்ணும் திரும்பிப் போகாது. போயி பாருங்க, மல்லி இப்பவும் பச்சைப் பசேல்னுதான் நிக்கும்.

எனக்கு ஒரு பயம் இருந்துச்சு. எதையும் கண்டுபுடிக்கற நாக்காச்சே, இதக் கண்டுபுடிச்சிடுவானோன்னு. முத நாளு காலையில ஒரு மடக்கு எடுத்தான், கண்ண மூடினான், அந்தச் சத்தம் எடுத்தான். "உப்பு நேத்தைக்கு இன்னைக்கு கம்மி மாமா"ன்னான். முழுங்கினான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ராணிப்பேட்டைக்காரன் வண்டி அனுப்பற நாக்கு இது.

நாலஞ்சு நாளுல வயித்து வலின்னான். வெயிலு, மோர் குடின்னேன். அப்புறம் வாந்தின்னான். அப்பவும் வந்தான். ஒரு நாளு மதில புடிச்சுக்கிட்டு நடந்து வந்தான், நெத்தியெல்லாம் வேர்வை. "எதுக்குடா வந்தே, போயி படு"ன்னு சொன்னேன். நான் சொன்னது நெசம், ரைட்டர் ஐயா, அதையும் எழுதுங்க. "மொட்டு தொறக்கற நேரம் மாமா, இப்போ உப்பு ஏறினா பேஜாராப் போயிடும்"னு குனிஞ்சு கொட்டாங்குச்சிய எடுத்தான். அவனா எடுத்துக் குடிச்சான். நான் ஊட்டல.

வைகாசி மூணாந் தேதி படுத்துட்டான். ஊர்ல வாந்திபேதி அங்கங்க இருந்துச்சு, எல்லாரும் அதுதான்னு நெனைச்சாங்க. அக்கா வீட்டுலயே கெடந்தான். கஞ்சித் தண்ணியும் வெந்நீரும்தான். கல்யாணம் தள்ளிப் போச்சு. எனக்கு மனசு லேசாச்சு. இனிமே நானா ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல, கடவுள் பாத்துப்பாருன்னு நெனைச்சேன்.

சௌந்தரம் அத்த வீட்டுக்குப் போயி அவனுக்குக் கஞ்சி கொடுத்துட்டு வந்துக்கிட்டிருந்தா. கட்டிக்காத பொண்ணு போகக் கூடாதுன்னேன், கேக்கல. அங்க அவன் படுத்துக்கிட்டே இவகிட்ட சொல்லியிருக்கான், மாமா தொட்டிய யாரு பாக்கறாங்க, ஆத்துத் தண்ணி வண்டி வேற சரியா வரல, நீ காலையில ஒரு மடக்கு எடுத்து நாக்குல வெச்சுப் பாத்துட்டு எப்படி இருக்குதுன்னு வந்து சொல்லு, நான் எவ்ளோ ஊத்தணும்னு சொல்றேன்னு. ஷாப்பு மாதிரி அங்க துப்பிடாத, மாமாவுக்குப் பிடிக்காது, முழுங்கிடுன்னும் சொல்லியிருக்கான். இது எனக்குப் பின்னாடி அக்கா சொல்லித்தான் தெரியும்.

நாலு காலை பாத்தா. அஞ்சாம் நாளு அவளால எழுந்திருக்க முடியல. வேலூருக்குக் கொண்டு போக வண்டி கட்டினோம். பள்ளிகொண்டா தாண்டறதுக்குள்ள போயிட்டா. என் மடியிலதான் தல இருந்துச்சு. தண்ணி தண்ணின்னு கேட்டா, கொடுத்தேன், நல்ல ஆத்துத் தண்ணி. ஒண்ணும் தங்கல. புடவையெல்லாம் வாந்தி. நான் தொடச்சு விட்டேன். எனக்குக் கொஞ்சம் கூட அருவருப்பா இல்ல. பெத்த பொண்ணு பாருங்க.

மீதி உங்களுக்குத் தெரிஞ்சதுதான். வாந்திபேதின்னு பொதைச்சிருப்பாங்க, வண்டி அப்படியே வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனதுல டாக்டரு சந்தேகப்பட்டு வயித்த அறுத்து மதராசுக்கு அனுப்பிட்டாரு. இதுக்குள்ள சம்பத்து எழுந்து உக்காந்துட்டான். பாஷாணம்னு சேதி கேட்டதும், கெடங்குல தோலப் பொரட்டற என் கையில ஒட்டிக்கிட்டு வந்துதான் எனக்கும் வந்துச்சு, எனக்குக் கஞ்சி கொடுத்த கைக்கும் போயிருக்குது, நான்தான் அவளக் கொன்னேன்னு அவனே ஸ்டேஷனுக்கு வந்து வுழுந்தான். உங்களுக்கும் ஆளு கெடைச்சுது. நேத்து சாயந்திரம் டீக்கடையில ஒருத்தன் சொல்றான், இன்னா ஒரு பாசம் பாருய்யா, அவ சாவ தன் தலையில போட்டுக்கிட்டானேன்னு.

அதக் கேட்டுட்டு என்னால சும்மா இருக்க முடியல, ஐயா. அவ உயிரோட இருக்கறப்பவும் எனக்கு எனக்குன்னு வந்து நின்னான். செத்தப்புறமும் அவ சாவு எனக்குங்கறான். அவன் யாரு? அவ கழுத்துல தாலி கட்டினானா? என் பொண்ணு சாவு என்னுதுங்க. ஒரு தோல் ஷாப்பு மேஸ்திரி அழுது வாங்கிக்கிட்டுப் போக அது மக்கன் பேடா தட்டு இல்ல. அவன இன்னைக்கே வெளிய அனுப்பிடுங்க.

சம்பத்துக்காக வெச்சத அவ தெரியாம எடுத்துட்டா, அப்படித்தான எழுதணும்னு ரைட்டர் ஐயா கேக்கறாரு. அப்படியே எழுதிடலாம்னுதான் நானும் வந்தேன். ஆனா நீங்க பேனாவ நிறுத்தச் சொல்லிட்டு வேற ஒண்ணு கேக்கறீங்க. மூணாந் தேதி அவன் படுத்துட்டான், எழுந்து வரமாட்டான்னு உனக்குத் தெரியும், அதுக்கப்புறம் கொட்டாங்குச்சியில யாருக்குடா வெச்சேங்கறீங்க.

நல்ல கேள்விங்க. இத்தன பேருல ஒருத்தருக்கும் தோணல.

முத நாளு காலையில இருந்தது, அதுக்கு முந்தின சாயந்திரம் அவனுக்குன்னு வெச்சது. அவன் படுத்த சேதி எனக்கு விடிஞ்சுதான் வந்துச்சு, ராத்திரியே சௌந்தரம் அத்த வீட்டுக்குப் போயிட்டு வந்தது அப்போ எனக்குத் தெரியாது. கொட்டாங்குச்சியக் கவுக்கலாம்னு போனேன். செவப்பரளித் தொட்டி வரைக்கும் வந்துட்டேன். அப்போ சௌந்தரம் உக்காந்திருந்தா, புடவைய முழங்காலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டு. கொட்டாங்குச்சி கையில இருந்துச்சு. வாய்க்கு இன்னும் போகல. நான் கூப்பிட்டிருக்கலாம். பத்தடி தூரம்கூட இல்ல.

ஒரு மடக்கு எடுத்தா. கண்ண மூடினா. நாக்க மேலண்ணத்துல ஒட்டி, அவன் எடுப்பானே அந்தச் சத்தம், அத அப்படியே எடுத்தா. யாரும் சொல்லிக் கொடுக்காம வராதுங்க அது. எத்தன நாளா அவன்கூட உக்காந்து பழகினாளோ. அப்புறம் நாக்க வெளிய நீட்டி, கீழ் உதட்ட நக்கினா. எனக்குப் பயம் வரல, ஐயா. நீங்க நம்பமாட்டீங்க, பயமே வரல. அவன் நாக்கப் பாத்தா வருமே, அடி வயித்துலேர்ந்து, அதுதான் வந்துச்சு. எல்லாம் முடிஞ்சு போச்சு, இவளும் அதாயிட்டான்னு தோணுச்சு. சத்தம் போடாம திரும்பிப் போயி பல்லு வெளக்கினேன்.

அன்னைக்கு சாயந்திரம் தண்ணி ஊத்திட்டு வழக்கம் போல வெச்சேன். மறுநாளும் வெச்சேன். அதுக்கு மறுநாளும் வெச்சேன். மூணு சாயந்திரம். அவன் வரமாட்டான்னு தெரியும். யாரு வருவாங்கன்னும் தெரியும்.

இத எழுதிட்டீங்கன்னா படிச்சுக் காட்டுங்க. கடைசியில, பொண்ணு நல்லா இருக்கணும்னுதான் எல்லாம் செஞ்சேன்னு ஒரு வரி சேத்துடுங்க. அதச் சேத்தாத்தான் கைநாட்டு வெப்பேன்.